அலுவலக ஊழியர்களிடம் பாதுகாப்புத் தகவலைக் கொண்டுசேர்ப்பது எப்படி?

மார்ச் 4ஆம் தேதி தேசியப் பாதுகாப்பு நாள். ஏப்ரல் 14 முதல் 20 வரை தீயணைப்புப் பணி வாரம். பெரும்பாலான அலுவலகங்களில் பாதுகாப்பைப் பற்றிய பேச்சு இந்த இரண்டு தருணங்களில்தான் எழுகிறது. வாசலில் ஒரு பதாகை, ஒரு உறுதிமொழி, ஒரு குழுப்படம், மாலையில் எல்லோருக்கும் ஒரு மின்னஞ்சல், அதனுடன் பல பக்கங்களுக்கு நீளும் ஓர் ஆங்கில இணைப்பு என்று அது முடிந்துவிடுகிறது. ஜூன் மாதம் வேலைக்குச் சேர்ந்தவருக்கு இரண்டாவது படிக்கட்டு எங்கே இருக்கிறது என்பது அடுத்த மார்ச் வரை தெரியாமலே போகிறது. பன்னடுக்குக் கட்டடம் ஒன்றில் இரண்டு மூன்று தளங்களை வாடகைக்கு எடுத்து இயங்கும் ஒரு சென்னை அலுவலகத்தை மனத்தில் வைத்து, அங்கே நிர்வாகப் பிரிவிலோ மனிதவளப் பிரிவிலோ இருந்துகொண்டு இந்தப் பொறுப்பையும் சேர்த்துச் சுமப்பவருக்காக இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. இதில் சொல்லப்படுபவை எல்லாம் ஒரே அளவுகோலுக்குக் கட்டுப்பட்டவை: தகவலைப் பெற்ற ஊழியர், தாம் நிற்கும் இடத்தில் முதலில் என்ன செய்ய வேண்டும் என்பதை யாரையும் கேட்காமல் சொல்லக்கூடியவராக இருக்க வேண்டும்.

யாருக்குச் சொல்ல வேண்டும்

முதல் வேலை பட்டியல் எடுப்பது. சம்பளப் பதிவேட்டை மட்டும் வைத்து எடுத்தால் அது பாதிப் பட்டியல்தான். ஹவுஸ்கீப்பிங் ஊழியர்கள், செக்யூரிட்டிகள், பான்ட்ரியில் தேநீர் போடுபவர், ஏ.சி. மெக்கானிக், எலக்ட்ரீஷியன், வாடகை வண்டி ஓட்டுநர்கள், பயிற்சிக்கு வந்திருக்கும் மாணவர்கள், ஒரு நாள் கூட்டத்துக்கு வரும் விருந்தினர் ஆகிய எல்லோரும் ஆபத்து நேரும் நிமிடத்தில் அதே கூரையின் கீழ்தான் இருப்பார்கள். இவர்களில் பெரும்பாலோருக்கு நிறுவனத்தின் மின்னஞ்சல் முகவரி கிடையாது. அலுவலக வாட்ஸ்அப் குழுவிலும் இவர்கள் இருப்பதில்லை. ஆனால் இரவு இரண்டு மணிக்கு யு.பி.எஸ். அறையிலிருந்து வரும் கருகல் வாடையை முதலில் உணரப்போகிறவர் துறைத்தலைவர் அல்லர். தளத்தைச் சுற்றிவரும் செக்யூரிட்டிதான்.

ஒப்பந்தப் பணியாளர்கள் அடிக்கடி மாறுவார்கள் என்பதால், அவர்களுக்கு ஒருமுறை வகுப்பெடுத்துக் கையெழுத்து வாங்கிவிட்டால் வேலை முடிந்தது என்று எண்ணக்கூடாது. செக்யூரிட்டி மேசையில் இருக்கும் பணிப் பதிவேட்டின் முதல் பக்கத்திலேயே ஐந்தாறு வரிகளில் செய்ய வேண்டியவற்றை எழுதி ஒட்டி, ஒவ்வொரு ஷிப்டிலும் பொறுப்பை ஒப்படைப்பவர் ஏற்பவருக்கு அதை வாய்விட்டுப் படித்துக்காட்டும் வழக்கத்தை ஏற்படுத்துவது நல்லது. சென்னை அலுவலகங்களின் வாயில்களில் அசாம், ஒடிசா, பீகார் போன்ற மாநிலங்களிலிருந்து வந்தவர்கள் பலர் பணிபுரிகிறார்கள். அவர்களுக்குத் தமிழ் அறிவிப்பும் ஆங்கில அறிவிப்பும் ஒரே அளவுக்குப் பயனற்றவையாக இருக்கலாம். அவர்கள் படிக்கும் மொழி எது என்று கேட்டு, அந்த மொழியில் அவர்களில் ஒருவரைக் கொண்டே எழுதவைத்து, உடன் படத்தையும் சேர்க்க வேண்டும்.

எதைச் சொல்ல வேண்டும்

இணையத்தில் கிடைக்கும் ஆயத்தப் பட்டியல்களை எடுத்து நிறுவனத்தின் பெயரை மேலே போட்டுக்கொள்வது எளிது. அப்படிச் செய்த அலுவலகங்களில் ஏணி ஏறும் விதிகளும் தலைக்கவச விதிகளும் சுவரில் தொங்கும். பான்ட்ரியில் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இன்டக்ஷன் அடுப்பும் கெட்டிலும் மைக்ரோவேவும் செருகப்பட்டிருக்கும். ஆகவே ஒரு நோட்டுடன் தளம் முழுவதையும் நடந்து பார்க்க வேண்டும். காலையில் ஒருமுறையும், எல்லோரும் சாப்பிடும் நேரத்தில் ஒருமுறையும், இரவு ஷிப்டில் ஒருமுறையும் பார்த்தால் மூன்று வெவ்வேறு அலுவலகங்களைப் பார்த்ததுபோல இருக்கும். மேசைக்கடியில் சுருண்டு கிடக்கும் வயர்கள், துடைத்தபின் ஈரம் காயாத லிஃப்ட் முகப்பு, அட்டைப்பெட்டிகள் அடுக்கப்பட்ட அவசர வழி, காற்று வருவதற்காகப் பூந்தொட்டியை முட்டுக்கொடுத்துத் திறந்துவைத்த படிக்கட்டுக் கதவு ஆகியவைதான் உங்கள் அலுவலகத்தின் உண்மையான ஆபத்துகள். உங்கள் தகவல்களும் இவற்றைப் பற்றியே இருக்க வேண்டும்.

எப்படி எழுத வேண்டும்

அலுவலகச் சுற்றறிக்கைகளுக்கென்று ஒரு நடை நம்மிடம் நிலைத்துவிட்டது. "ஊழியர்கள் அனைவரும் மின்சாதனங்களைப் பயன்படுத்துகையில் உரிய முன்னெச்சரிக்கை நடவடிக்கைகளை மேற்கொள்ளுமாறு இதன்மூலம் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்." இலக்கணப் பிழை எதுவும் இல்லாத வாக்கியம்தான். ஆனால் இதைப் படித்துவிட்டு ஒருவர்கூட எழுந்து போய் ஒரு பிளக்கையும் பிடுங்கமாட்டார், ஏனென்றால் எந்தச் சாதனம், எந்த பிளக், என்ன நடவடிக்கை என்பது எதுவும் அதில் இல்லை. அதையே பின்வருமாறு எழுதிப் பார்க்கலாம்:

"மேசையில் உள்ள சிறிய பிளக் பாயிண்டில் கணினி, மானிட்டர், போன் சார்ஜர் ஆகியவற்றை மட்டும் செருகுங்கள். அது 6 ஆம்பியர் பாயிண்ட். 230 வோல்ட்டில் ஏறக்குறைய 1,380 வாட் வரைதான் தாங்கும். நம் கெட்டில் 1,500 வாட். கெட்டிலையும் இன்டக்ஷன் அடுப்பையும் பான்ட்ரி சுவரில் உள்ள 16 ஆம்பியர் பாயிண்டில் நேரடியாகச் செருகுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டாம். பிளக் சுட்டாலோ கருகல் வாடை வந்தாலோ சுவிட்சை அணைத்துவிட்டு நிர்வாகப் பிரிவை அழையுங்கள்."

இரண்டாவது வடிவம் நீளமானதுதான். ஆனால் அதில் செய்ய வேண்டிய செயல், செய்யும் இடம், காரணம், தகவல் சொல்ல வேண்டிய ஆள் ஆகிய நான்கும் இருக்கின்றன. காரணத்தைச் சேர்ப்பது மிக முக்கியம் என்பது என் கருத்து. தீவிபத்தின்போது லிஃப்டைப் பயன்படுத்தக்கூடாது என்பது எல்லோருக்கும் மனப்பாடம். ஆயினும் பதற்றத்தில் கால்கள் பழகிய லிஃப்டை நோக்கியே போகும். மின்சாரம் நின்றால் லிஃப்ட் நடுவழியில் நின்றுவிடும், அது ஓடும் குழி புகைபோக்கியாக மாறிவிடும், தீப்பற்றிய தளத்திலேயே கதவு திறந்துகொள்ளவும் கூடும் என்ற மூன்று காரணங்களையும் ஒருமுறை கேட்டவருக்கு அந்த விதி வெறும் விதியாக இருப்பதில்லை.

அவசர காலத்துக்கான வரிகளில் "தயவுசெய்து", "அன்புடன் வேண்டுகிறோம்" போன்ற உபசாரங்கள் தேவையில்லை. "படிக்கட்டில் இறங்குங்கள்" என்பதே போதுமான மரியாதை உடையது. ஒரு வரியில் ஒரு செயல் மட்டும் இருக்கட்டும். செய்யக்கூடாததைச் சொல்லும்போது அதற்குப் பதிலாகச் செய்ய வேண்டியதையும் பக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். எண்களை எழுத்தால் எழுதாமல் இலக்கத்தால் எழுதுங்கள்: எல்லா அவசர உதவிகளுக்கும் 112, ஆம்புலன்ஸுக்கு 108, தீயணைப்புக்கு 101. இவற்றை எண்ணாக மட்டும் கொடுத்தால் போதாது. அழைத்தவுடன் மறுமுனையில் கேட்கப்போவது முகவரியை என்பதால் கட்டடத்தின் பெயர், தெரு, எளிதில் அடையாளம் காணக்கூடிய பக்கத்து இடம், தளம் ஆகியவற்றையும் எண்ணுக்குக் கீழேயே அச்சிட வேண்டும். தினமும் வந்துபோகும் கட்டடத்தின் கதவிலக்கத்தைக் கேட்டால் பதில் சொல்லத் தெரியாதவர்களே அதிகம்.

எங்கே வைக்க வேண்டும்

அறிவிப்புப் பலகை என்பது பிறந்தநாள் வாழ்த்துகளும் கிரிக்கெட் போட்டி அறிவிப்புகளும் ஒன்றின் மேல் ஒன்றாகக் குத்தப்படும் இடம். பாதுகாப்புத் தகவலை அதில் சேர்த்தால் அதுவும் அந்தக் காகிதங்களுள் ஒன்றாகிவிடும். செயல் நடக்க வேண்டிய இடத்திலேயே அதற்கான தகவல் இருக்க வேண்டும். கெட்டிலைப் பற்றிய வரிகள் கெட்டிலுக்கு மேலேயும், லிஃப்டைப் பற்றியது லிஃப்டை அழைக்கும் பொத்தானுக்குப் பக்கத்திலும், நாற்காலியின் உயரத்தைச் சரிசெய்வது பற்றியது மேசையின் மீதும் இருக்கட்டும். உலகெங்கும் வழங்கும் வண்ண முறையையே பின்பற்றுங்கள்: தடைக்கும் தீயணைப்புக் கருவிக்கும் சிவப்பு, எச்சரிக்கைக்கு மஞ்சள், கட்டாயம் செய்ய வேண்டியதற்கு நீலம், பாதுகாப்பான வழிக்கும் முதலுதவிக்கும் பச்சை. நிறுவனத்தின் விளம்பர வண்ணங்களுக்குப் பொருந்தவில்லை என்று வெளியேறும் வழியின் பச்சை அம்புக்குறியைச் சாம்பல் நிறத்தில் அச்சிடச் சொல்லும் வடிவமைப்பாளரிடம் மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது.

தள வரைபடத்தைச் சற்று உற்றுப் பார்க்க வேண்டும். எல்லாச் சுவர்களிலும் ஒரே வரைபடத்தை ஒரே வாக்கில் மாட்டிவிடுவது வழக்கம். வடக்குச் சுவரைப் பார்த்து நிற்பவருக்கு இடப்பக்கம் இருக்கும் படிக்கட்டு, தெற்குச் சுவரைப் பார்த்து நிற்பவருக்கு வலப்பக்கம் இருக்கும். வரைபடமோ இருவருக்கும் இடப்பக்கத்தையே காட்டிக்கொண்டிருக்கும். அமைதியான நேரத்தில் இதை மனத்துக்குள் திருப்பிப் புரிந்துகொள்ளலாம், புகைக்கு நடுவே முடியாது. ஆகவே பார்ப்பவர் நிற்கும் திசைக்கேற்ப ஒவ்வொரு சுவருக்கும் வரைபடத்தைத் திருப்பி அச்சிட்டு, "நீங்கள் இருக்கும் இடம்" என்ற புள்ளியைப் பெரிதாக வைத்து, மிக அருகிலுள்ள படிக்கட்டையும் அது அடைபட்டால் போக வேண்டிய மற்றொரு படிக்கட்டையும் மட்டும் காட்டினால் போதும். கழிப்பறை, கூட்ட அறை, பிரின்டர் என எல்லாவற்றையும் காட்டும் கட்டடக்கலை வரைபடம் இதற்கு உதவாது.

தீயணைப்பான் மாட்டியிருக்கும் இடத்திலும் இதே கவனம் தேவை. கணினிகளும் மின்பலகைகளும் உள்ள பகுதியில் பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடு உருளை இருக்கும். "பின்னைப் பிடுங்குங்கள், தீயின் அடிப்பாகத்தைக் குறிவையுங்கள், கைப்பிடியை அழுத்துங்கள், இடவலமாக வீசுங்கள்" என்ற நான்கு படிகளைத் தமிழில் பெரிய எழுத்தில் ஒட்டுவதோடு, வாயு வெளிவரும் கறுப்புக் கொம்பைக் கையால் பிடிக்கக்கூடாது, அது உறைந்துபோகும் அளவுக்குக் குளிர்ந்து தோலைப் புண்ணாக்கிவிடும் என்பதையும் சேர்க்க வேண்டும். பவுடர் வகை உருளையில் அழுத்தமானியின் முள் பச்சைப் பகுதியில் இருக்கிறதா என்று யார் வேண்டுமானாலும் பார்த்துவிடலாம். கார்பன் டை ஆக்சைடு உருளையில் பொதுவாக அந்த முள் இருக்காது, எடை போட்டுத்தான் அறிய முடியும். கையில் தூக்கும் அளவுள்ள இத்தகைய உருளைகள் பெரும்பாலும் அரை நிமிடத்துக்குள் தீர்ந்துவிடும் என்பதையும் ஊழியர்கள் அறிந்திருக்க வேண்டும். குப்பைக்கூடை அளவுள்ள தீயை மட்டுமே, அதுவும் வெளியேறும் வழி தமக்குப் பின்னால் திறந்திருக்கும்போது மட்டுமே அணைக்க முயலலாம். அதைவிடப் பெரியதென்றால் கதவைச் சாத்திவிட்டு எல்லோரையும் எச்சரித்துக்கொண்டு வெளியேற வேண்டும்.

எப்போது சொல்ல வேண்டும்

புதிதாகச் சேர்ந்தவருக்கு முதல் நாளே சொல்ல வேண்டும், அதுவும் அடையாள அட்டை கொடுக்கும்போது. ஸ்லைடுகளைக் காட்டுவதைவிட, அவரை அழைத்துக்கொண்டு அவருடைய இருக்கையிலிருந்து இரண்டு படிக்கட்டுகளின் வழியாகவும் கீழே கூடுமிடம் வரை ஒருமுறை நடந்துவிட்டு வருவதே மேல். நிர்வாகப் பிரிவுக்கு நேரமில்லை என்றால் பக்கத்து இருக்கைக்காரரிடம் அந்தப் பொறுப்பை ஒப்படைக்கலாம். கூட்டிச் செல்பவருக்கும் அது ஒரு நினைவூட்டலாக அமையும்.

மழைக்காலத் தகவல்களுக்கு வேறொரு கணக்கு உண்டு. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் மஞ்சள் எச்சரிக்கை கவனமாக இருக்கவும், ஆரஞ்சு தயாராக இருக்கவும், சிவப்பு செயலில் இறங்கவும் சொல்வது. அதை அப்படியே குழுவில் பகிர்ந்துவிட்டு நிறுத்திக்கொண்டால், "அப்போ நாளைக்கு ஆபீஸ் உண்டா, இல்லையா?" என்ற கேள்விதான் வந்து குவியும். ஊழியருக்குத் தேவை முன்னறிவிப்பு அல்ல, முடிவு. நாளை வீட்டிலிருந்து வேலை செய்யலாமா, இரவு ஷிப்டுக்கு வண்டி வருமா, ஏற்கெனவே அலுவலகத்தில் இருப்பவர்கள் எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்பவற்றை மாலைக்குள் தீர்மானித்துச் சொல்லிவிட வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது சென்னையின் பல பகுதிகளில் மின்சாரத்தோடு கைபேசித் தொடர்பும் அறுந்தது. அத்தகைய நாளில் காலையில் அனுப்பும் செய்தி யாருடைய கைபேசியையும் எட்டாது. "அலுவலகத்திலிருந்து செய்தி வரவில்லை என்றால் வீட்டிலேயே இருங்கள்" என்பது போன்ற ஓர் இயல்புநிலை விதியைப் பருவமழைக்கு முன்பே, அக்டோபர் தொடக்கத்திலேயே அறிவித்துவைப்பது அதனால்தான் அவசியமாகிறது.

ஒத்திகை

2010 பிப்ரவரி 23 அன்று பெங்களூரு கார்ல்டன் டவர்ஸ் என்ற அலுவலகக் கட்டடத்தில் நேர்ந்த தீவிபத்தில் 9 பேர் இறந்தார்கள். மின்கம்பிகள் செல்லும் குழாய்ப்பாதை வழியாக மேல் தளங்களுக்குப் புகை ஏறியது. வெளியேறும் வழிகள் அடைபட்டிருந்தன. மூச்சு முட்டிய சிலர் ஜன்னல்களிலிருந்து குதித்தார்கள். அலுவலகத் தீயில் பெரும்பாலும் உயிரைக் குடிப்பது நெருப்பைவிடப் புகையே. படிக்கட்டுக் கதவு சாத்தியிருந்தால்தான் படிக்கட்டுக்குள் புகை நுழையாது என்பதையும், அந்தக் கதவுக்கு முட்டுக்கொடுப்பது எல்லோருக்கும் உரிய வழியை அடைப்பதற்குச் சமம் என்பதையும் ஒத்திகையின்போது அந்தக் கதவுக்கு முன்னால் நின்றே சொல்ல வேண்டும். புகை சூழ்ந்தால் தரையோடு தாழ்ந்து நகர வேண்டும். படிக்கட்டே புகையால் நிறைந்திருந்தால் ஓர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, அடி இடுக்கில் ஈரத்துணியைத் திணித்து, ஜன்னலருகே நின்று உதவி கேட்க வேண்டும். இவற்றையும் அப்போதே செய்துகாட்டலாம்.

நிலநடுக்கத்துக்கான அறிவுரை இதற்கு நேர்மாறானது. 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ராவுக்கு அப்பால் கடலுக்கடியில் ஏற்பட்ட நிலநடுக்கம் சென்னையில் உணரப்பட்டபோது அலுவலகக் கட்டடங்களிலிருந்து மக்கள் தெருவுக்கு ஓடிவந்தார்கள். அப்படி ஓடாமல், நடுக்கம் நிற்கும்வரை கண்ணாடிகளிலிருந்து விலகி, உறுதியான மேசைக்கடியில் பதுங்கி அதன் காலைப் பிடித்துக்கொள்ள வேண்டும். நின்றபிறகே படிக்கட்டில் இறங்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே மணியை ஒலித்தால் குழப்பமே மிஞ்சும் என்பதால், ஒலிபெருக்கியில் பேசுபவர் சொல்ல வேண்டிய வாக்கியங்களை முன்கூட்டியே எழுதி மைக்கின் அருகிலேயே ஒட்டிவைக்க வேண்டும். "ஏழாவது தளத்தில் தீ. எல்லோரும் படிக்கட்டில் இறங்குங்கள். லிஃப்ட் வேண்டாம்." இதைத் தமிழில் இருமுறையும் ஆங்கிலத்தில் இருமுறையும் சொன்னால் போதும்.

முதல் ஒத்திகையை முன்னறிவித்து நடத்துங்கள்; தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறையின் அருகிலுள்ள நிலையத்துக்கு எழுதிக் கேட்டால் செய்முறை விளக்கத்துக்கு உதவுவார்கள். அடுத்தடுத்த ஒத்திகைகளைச் சொல்லாமல் நடத்தலாம். ஆனால் கட்டட நிர்வாகத்துக்கும், கர்ப்பிணிகள், இதய நோயாளிகள், நடப்பதில் சிரமம் உள்ளவர்கள் ஆகியோருக்கும் தெரிவித்துவிட வேண்டும். காது கேளாத ஊழியருக்கு மணி ஒலித்துப் பயனில்லை. அவரைத் தோளில் தொட்டு அழைத்துச் செல்ல ஒருவரும், அந்த உதவியாளர் விடுப்பில் இருந்தால் இன்னொருவரும் பெயர் குறித்து நியமிக்கப்பட வேண்டும். எத்தனை நிமிடத்தில் இறங்கினோம் என்பதைவிட, யார் மடிக்கணினியை எடுக்கத் திரும்பினார், எந்த வாசலில் நெரிசல் ஏற்பட்டது, கூடுமிடத்தில் தலைகளை எண்ணுபவரிடம் விருந்தினர் பதிவேடு இருந்ததா என்பவற்றைக் குறித்துக்கொள்வதே பயனுள்ளது. வந்தவர் யார் என்பதை வருகைப்பதிவு இயந்திரம் சொல்லிவிடும்; கீழே தேநீர்க்கடைக்குப் போயிருப்பவர் யார் என்பதை அது சொல்லாது.

உடல்நலம் பற்றிய தகவல்கள்

உடல்நலக் கேடுகள் பெரும்பாலும் மெதுவாகத் தாக்குபவை என்பதால் அச்சுறுத்தும் தொனி எடுபடாது. 20 நிமிடத்துக்கு ஒருமுறை 20 அடி தொலைவில் உள்ள ஒன்றை 20 விநாடி பார்க்க வேண்டும் என்ற கண்களுக்கான விதி எளிதில் மனத்தில் நிற்பது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது, தெளிந்த நீரில் முட்டையிடுவது. ஆகவே வாட்டர் டிஸ்பென்சரின் அடித்தட்டு, பூந்தொட்டியின் தட்டு, ஏ.சி. நீர் சொட்டும் வாளி ஆகியவற்றை வாரம் ஒருமுறை கவிழ்த்துக் காயவைக்க வேண்டும் என்று ஹவுஸ்கீப்பிங் ஊழியரிடம் அந்தத் தட்டுகளைக் காட்டியே சொல்லுங்கள். ஒருவர் சுயநினைவின்றி விழுந்து மூச்சும் இல்லையென்றால் 108க்கு அழைத்துவிட்டு மார்பின் நடுவே நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்த வேண்டும் என்பதைச் சுவரொட்டியால் கற்பிக்க முடியாது. பொம்மையின் மீது கைவைத்துப் பழகியவருக்கே அது வரும். மனநல ஆலோசனைக்கான டெலிமானஸ் எண் 14416ஐக் கழிப்பறைக் கதவின் உட்புறத்தில் ஒட்டலாம், ஏனெனில் அங்கே அதைக் குறித்துக்கொள்பவரை வேறு யாரும் பார்ப்பதில்லை. பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 10 பேருக்குக் குறையாமல் பணிபுரியும் இடங்களில் புகார்களை விசாரிக்க அமைக்கப்பட வேண்டிய உள்ளகக் குழுவைப் பற்றிய ஆணையை எல்லோருக்கும் தெரியும்படி வைப்பது முதலாளியின் கடமை.

ஊழியர் ஒருவருக்குத் தொற்றுநோய் வந்தால், தளத்தில் எல்லோரும் செய்ய வேண்டியதை மட்டும் சொல்லுங்கள். பெயரையோ, பெயரை ஊகிக்கவைக்கும் இருக்கை, பிரிவு விவரங்களையோ வெளியிடாதீர்கள். ஒருமுறை பெயர் வெளிவந்துவிட்டால் அடுத்தவர் தம் நோயை உங்களிடம் சொல்லவே மாட்டார்.

போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பது

மின்னஞ்சலைத் திறந்தவர்களின் எண்ணிக்கை எதையும் நிரூபிப்பதில்லை. ஒத்திகை நடக்காத ஒரு சாதாரண நாளில், காபி வாங்க நிற்பவரிடம் "இங்கே இப்போது புகை வந்தால் எந்தப் பக்கம் போவீர்கள்?" என்று கேளுங்கள். ஐந்து பேரில் இருவர் தடுமாறினால் குறை அவர்களிடம் இல்லை. பலகையின் இடத்தையோ வாக்கியத்தையோ மாற்ற வேண்டும். கேள்வி கேட்கும் தொனியில் தேர்வு வாடை இருக்கக்கூடாது.

எதிர்த்திசையிலும் தகவல் வர வேண்டும். வழுக்கிவிழப் பார்த்தேன், இந்த சுவிட்சில் பொறி பறந்தது என்று ஒருவர் சொன்னால், யார் செய்தது என்று கேட்பதற்கு முன் நன்றி சொல்லி, இரண்டு நாட்களுக்குள் என்ன செய்யப்பட்டது என்பதை அவருக்கே தெரிவிக்க வேண்டும். செலவுக்கு ஒப்புதல் வரவில்லை என்றால் அதையும் மறைக்காமல் சொல்லி, அதுவரை அந்த சுவிட்சின் மேல் டேப் ஒட்டி வையுங்கள். விபத்தே நேர்ந்துவிட்டால், நடந்தது, இப்போது செய்யப்பட்டிருப்பது, அடுத்த செய்தி எத்தனை மணிக்கு வரும் என்ற மூன்றையும் ஒரு மணி நேரத்துக்குள் அறிவித்துவிடுங்கள். தாமதித்தால் அந்த இடைவெளியை வாட்ஸ்அப் வதந்தி நிரப்பிவிடும்.

சுவரில் ஒட்டிய ஒவ்வொரு தாளின் மூலையிலும் அச்சிட்ட தேதியும் பொறுப்பாளரின் பதவிப் பெயரும் இருக்கட்டும். இருக்கைகள் இடம் மாறும்போதும், தளப் பொறுப்பாளர் வேலையை விட்டுப் போகும்போதும், உட்புறச் சுவர்களை எடுத்து உள்ளமைப்பை மாற்றும்போதும், செக்யூரிட்டி ஏஜென்சி மாறும்போதும் அந்தத் தாள்களை நடந்து சென்று சரிபார்த்து, பழையவற்றைக் கிழித்தெடுத்துவிட்டுப் புதியவற்றை ஒட்ட வேண்டும்.